டெல்லிக்கு மனு எழுதுவது எப்படி? ஒரு பழைய போஸ்ட்மாஸ்டர் அம்மா சொல்வது

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும், கேட் திறப்பதற்குள் நாட்டின் பொருளாதாரம் முழுவதையும் அலசி முடித்துவிடலாம். யூரியா இல்லை, டீசல் விலை ஏறிப்போச்சு, நெல்லுக்கு விலை கட்டவில்லை, படித்த பிள்ளைக்கு வேலை இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் பிரதமர். ஒரு தடவை டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த ஒருவர், கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய் இல்லாமல் நெல் நனைந்ததற்கும் அவரையே திட்டினார். "அண்ணே, தார்ப்பாய்க்கு அவரு என்ன பண்ணுவாரு?" என்று கேட்டுவிட்டேன். "அப்ப யாரைத்தான் திட்டறது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

கேட் திறந்துவிட்டதால் அன்றைக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வெண்ணாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் கிளை அஞ்சலகம் பார்த்தேன். எங்களுக்குச் சொந்தமாக நாலு மா நிலம் (மூன்று மா ஒரு ஏக்கர்), கோயில் நிலம் ஆறு மா குத்தகை. போஸ்ட் ஆபீஸ் திண்ணையில்தான் ஊரின் மனுக்கள் எல்லாம் எழுதப்பட்டன. முத்திரை குத்தி அனுப்பியவளும் நான், பல நேரம் எழுதிக் கொடுத்தவளும் நான். பதில் வந்தால் படித்துச் சொல்வதும் என் வேலைதான். அதனால் எந்த மனு செத்துப்போகும், எது உயிரோடு திரும்பி வரும் என்று ஓரளவு கணிக்க முடியும்.

முதல் வேலை, தபால் பிரிக்கிற மாதிரி குறையைப் பிரிப்பது. இதில்தான் பத்துக்கு ஏழு மனு தவறுகிறது.

நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச ஆதரவு விலையை நிர்ணயிப்பது டெல்லி. வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் பரிந்துரைக்கும், மத்திய அமைச்சரவை முடிவு செய்யும். 2025-26க்கு சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2369, ஏ கிரேடு 2389. நம் கையில் வாங்கியது 2500, 2545 என்றால், நடுவில் உள்ள 131 ரூபாயும் 156 ரூபாயும் தமிழ்நாடு அரசு சேர்த்தது. ஆக, விலை போதாது என்றால் டெல்லி. ஊக்கத்தொகை போதாது என்றால் சென்னை. கொள்முதல் நிலையம் திறக்கவில்லை, தார்ப்பாய் இல்லை, எடை போட ஆள் இல்லை என்றால் மாவட்ட ஆட்சியரும் நுகர்பொருள் வாணிபக் கழகமும்.

ஈரப்பதம் மட்டும் விசித்திரமானது. களத்தில் குச்சி மாதிரி மெஷினை வைத்து "பத்தொன்பது காட்டுது, காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்று சொல்வது நம் ஊர்ப் பையன். ஆனால் 17 சதவீதம் என்ற வரம்பைப் போட்டது டெல்லி. மழைக் காலத்தில் அதைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு எழுதி, மத்தியக் குழு வந்து பிடி நெல்லை எடுத்துப் பார்த்துவிட்டுப் போய், அப்புறம்தான் உத்தரவு வரும். 2022 அக்டோபரில் 19 வரை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தக் குழு வருவதற்குள் குறுவை நெல் ரோட்டோரத்தில் முளைகட்டிவிடும். இந்த இடத்தில் பஸ்ஸில் திட்டிய அண்ணன் திட்டினால் நானும் சேர்ந்து திட்டுவேன். மெஷின் வைக்கிற பையன் மேல் பாய்ந்து மட்டும் பிரயோஜனம் இல்லை.

யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. இந்த விலை டெல்லி கட்டுப்பாடு. கூடவே வேறொரு பாட்டிலையும் வாங்கினால்தான் மூட்டை தருவேன் என்று கடைக்காரர் சொன்னால் அது உள்ளூர் சமாச்சாரம். எனக்கே ஒரு கடையில் நடந்தது. மெஷினில் கைரேகை வைத்து ரசீது வாங்கிக்கொண்டு வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுதிக் கொடுத்தேன். பிரதமருக்கு எழுதியிருந்தால் அந்தக் காகிதம் டெல்லி போய், சென்னை வந்து, திருவாரூர் வந்து, கடைசியில் அதே உதவி இயக்குநர் மேஜைக்கு வந்திருக்கும். அதற்குள் சம்பா கதிர் வந்திருக்கும்.

ஜிஎஸ்டிக்கு இரண்டு பக்கமும் எழுதலாம். ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு. எது நிறைவேறவும் நாலில் மூன்று பங்கு வேண்டும். ஒருவரை ஒருவர் கைகாட்டினால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு 12 சதவீதம் 5 ஆனது அந்தக் கவுன்சில் எடுத்த முடிவுதான். டீசலில் கலால் வரி மத்திய அரசு, வாட் மாநில அரசு. காவிரித் தண்ணீர் என்றால் 2018ல் அமைத்த மேலாண்மை ஆணையம், அது தனிக் கதை.

பிரித்தாயிற்றா? அடுத்தது, உங்களிடம் இருப்பது குறையா, கருத்தா என்று பார்ப்பது. நான் பல வருஷம் கழித்துத்தான் இதைப் புரிந்துகொண்டேன். மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளம் ஒன்று இருக்கிறது, சிபிகிராம்ஸ் என்பார்கள். பிரதமருக்கு இணையத்தில் எழுதுவதும் கடைசியில் அதற்குள்தான் போய்ச் சேரும். அதன் விதிப்படி ஆலோசனைகள் குறையில் சேராது. "நெல்லுக்கு 3500 கொடுங்கள்", "பண மதிப்பிழப்பு தப்பு" என்றெல்லாம் எழுதினால் ஆலோசனை என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவார்கள். "பிஎம் கிசான் தவணை 2000 ரூபாய் எனக்கு இந்த மாதத்திலிருந்து வரவில்லை" என்றால் அது குறை. அதை மூட அவர்கள் ஏதாவது செய்தே ஆக வேண்டும். 21 நாள் கெடு என்று 2024ல் உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

குறைக்கு ஒரு உதாரணம் காட்டுகிறேன். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். ஆரம்பமே இப்படி: "மாண்புமிகு பாரதப் பிரதமர் அவர்களே, விவசாயியின் வயிறு எரிகிறது, அந்த நெருப்பு உங்களைச் சும்மா விடாது." கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. நாலு பக்கத்தில் அவருடைய பதிவு எண் ஒரு இடத்தில்கூட இல்லை. "அண்ணே, வயிறு எரியறது எனக்குப் புரியுது. ஆனா இதைப் பிரிச்சுப் படிக்கிற குமாஸ்தாவுக்கு நீங்க யாருன்னே தெரியாதே" என்றேன். கொஞ்சம் முகம் சுருங்கியது. அப்புறம் உட்கார்ந்து எழுதினோம்:

"பொருள்: பிஎம் கிசான் தவணை நிறுத்தப்பட்டது தொடர்பாக.
நான் இந்தத் திட்டத்தில் பதிவு செய்த விவசாயி. பதிவு எண் இது. முதல் ஐந்து தவணைகள் இந்த வங்கிக் கணக்கில் வந்தன. அதற்குப் பிறகு வரவில்லை. இகேஒய்சி இந்தத் தேதியில் முடித்தேன், ரசீது இணைப்பு 1. பட்டாவிலும் ஆதாரிலும் இருப்பது ஒரே ஆள் என்பதற்கு கிராம நிர்வாக அலுவலர் சான்று இணைப்பு 2. நின்றுபோன தவணைகளை விடுவித்து, நின்றதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

அவ்வளவுதான். அரைப் பக்கம். பட்டாவில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால்; அதுதான் வில்லங்கம் என்று பதிலில் தெரிந்தது. திருத்திக் கொடுத்தோம், பணம் வந்தது. நாலு பக்க மனுவை அவர் கிழிக்கவில்லை, இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறார். படிக்க நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் குத்தகைக்காரர்களின் பிரச்சினை இன்னும் தீரவில்லை. அந்தத் திட்டம் யார் பெயரில் நிலம் இருக்கிறதோ அவருக்குத்தான். கோயில் நிலத்தைத் தலைமுறையாக உழுகிற குத்தகைக்காரர் டெல்டாவில் எத்தனை பேர்! சொந்தமாக நிலம் இல்லையென்றால் அவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. 2019ல் ஆரம்பித்தபோதே விதி அப்படி. இதற்கு எந்த அதிகாரியையும் குறை சொல்ல முடியாது, சட்டப்படிதான் மறுக்கிறார். இந்த மாதிரிக் கொள்கைக் கோபம்தான் கஷ்டமானது. இதற்கு வேறு வழி வேண்டும்.

வழி ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், கமிஷன் தனி. 500 சொல்லுக்குள் எழுத வேண்டும். 30 நாளில் பதில். வராவிட்டாலோ மழுப்பினாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, மத்திய அரசு அலுவலகம் என்றால் அதற்குக் கட்டணம் இல்லை. அதற்கும் மசியாவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். இதில் எல்லோரும் செய்கிற தப்பு, "ஏன்" என்று கேட்பது. "விவசாயிகளைப் பிரதமர் ஏன் கண்டுகொள்வதில்லை?" என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள். "ஈரப்பதத் தளர்வு கேட்டுத் தமிழ்நாடு அரசு அனுப்பிய கடிதம் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் உத்தரவு போட்டீர்கள், இரண்டின் நகலும் வேண்டும்" என்று கேட்டால் இரண்டு தேதிகள் வரும். அந்த இரண்டு தேதிக்கு நடுவில் எத்தனை நாள் மழை பெய்தது என்று நமக்குத்தான் தெரியுமே.

தமிழில் எழுதலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தாராளமாக. அரசியல் சாசனத்தின் 350வது பிரிவு, மத்தியிலோ மாநிலத்திலோ புழங்குகிற எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் குறையை எழுதிக் கொடுக்கலாம் என்கிறது. தகவல் சட்டமும் அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் விண்ணப்பிக்க விடுகிறது. பதில் இந்தியில் வந்து நான் பள்ளிக்கூட வாத்தியாரைத் தேடி அலைந்ததும் உண்டு. அதற்காக நாம் அரைகுறை இங்கிலீஷில் எழுதிக் குழப்ப வேண்டியதில்லை.

வழி இரண்டு, எம்.பி. 2024 தேர்தலில் பிரதமரின் கட்சிக்குக் கிடைத்தது 240 இடம். பெரும்பான்மைக்கு 272 வேண்டும், கூட்டணிக் கட்சிகளைப் பிடித்துக்கொண்டுதான் ஆட்சி நடக்கிறது. தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மூன்றிலும் ஜெயித்தது எதிரணி. "நம்ம ஆள் எதிர்க்கட்சி, அவரால் என்ன ஆகும்" என்று சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. எதிர்க்கட்சி எம்.பி.க்குக் கேள்வி கேட்பதில் என்ன கூச்சம்? நீங்கள் செய்ய வேண்டியது அவருக்கு மனு கொடுப்பதல்ல, கேள்வியையே எழுதிக் கொடுப்பது. எழுத்து மூலம் பதில் தருகிற கேள்வி என்று ஒரு வகை இருக்கிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு 230 வரை வரும். அமைச்சர் பதிலை அவையில் வைத்தாக வேண்டும், அது இணையத்திலும் வந்துவிடும். 377 விதியின் கீழ் தொகுதிப் பிரச்சினையைச் சொல்லவும் முடியும். "கோயில் நிலக் குத்தகைதாரர்களைத் திட்டத்தில் சேர்க்கப் பரிசீலனை உண்டா, இல்லையெனில் காரணம் என்ன?" இரண்டு வரி. வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டமாகப் போய் மாலை போடுவதைவிட இது மேல். தகவல் சட்டத்தில் கேட்க முடியாத "ஏன்" இங்கே செல்லும் என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள். தீர்மானத்துக்கு டெல்லி கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் தனி ஆள் மனுவோடு தீர்மான நகலை இணைத்தால் காகிதத்துக்குக் கனம் கூடும். கையெழுத்துப் போட்டவர்கள் தெளிவாகப் பெயரும் எழுத வேண்டும். கோழி கிளறின மாதிரி இருந்தால் ஒன்றுக்கும் உதவாது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்களுக்கு இரண்டு சம்பவம். 2023ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு என்று மூன்று நிலக்கரிப் பகுதிகளை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தது. டெல்டா கொதித்தது. ஏப்ரல் 4ம் தேதி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், அந்த வாரத்துக்குள் மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாக அமைச்சர் அறிவித்தார். மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெறுவதாக 2021 நவம்பர் 19ல் பிரதமரே டிவியில் சொன்னார். அதற்கு வடக்கே விவசாயிகள் ஒரு வருஷம் ரோட்டில் கிடந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017ல் டெல்லி ஜந்தர் மந்தரில் நம் ஊர் விவசாயிகள் மண்டை ஓட்டோடு நாற்பது நாளுக்கு மேல் உட்கார்ந்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. மனுவால் எல்லாம் ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன்.

சில சமயம் எந்த மனுவும் சமயத்துக்கு உதவாது. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாது என்றார்கள். எங்கள் பக்கம் விவசாயிக்குக் கணக்கு இருப்பது கூட்டுறவு வங்கியில். ஆறே நாளில், 14ம் தேதி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டு வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அந்த வருஷம் மழையும் இல்லை, ஆற்றிலும் தண்ணீர் இல்லை. களை எடுத்த பெண்களுக்குக் கூலி கொடுக்கக் கையில் செல்லுகிற நோட்டு இல்லாமல், "அக்கா, நீ போஸ்டாபீஸ்ல இருக்கியே, மாத்திக் கொடு" என்று என் நாத்தனார் வந்து நின்றாள். என் பெட்டியில் இருந்தது சில்லறைதான். அன்றைக்கு யாருக்கு மனு எழுதுவது?

சரி, விலைக்கு வருகிறேன். இதில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025-26 விலைக்கு அடிப்படையாக ஆணையம் எடுத்த செலவு குவிண்டாலுக்கு 1579 ரூபாய். அதோடு பாதியைச் சேர்த்தால் 2369 வரும். "ஒன்றரை மடங்கு கொடுக்கிறோம்" என்று டெல்லி சொல்வது இதைத்தான். "குத்தகைப் பணத்தைச் செலவில் சேர்க்கவில்லை" என்று நான் காட்டமாக ஒரு மனு எழுதினேன். பதில் வந்தது: கொடுத்த குத்தகையும் குடும்பத்தார் உழைப்பும் செலவில் உண்டு, சேராதது சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும் சொந்த முதலுக்கான வட்டியும். அவர்கள் சொன்னது சரி. அவற்றையும் சேர்த்த முழுச் செலவின் மேல்தான் ஐம்பது சதவீதம் வேண்டும் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். செலவுக்கு மேல் ஐம்பது சதவீதம் என்ற பரிந்துரையே எம்.எஸ். சுவாமிநாதன் ஆணையம் கொடுத்ததுதான். நம் கும்பகோணத்தில் பிறந்தவர். நான் ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டதால், அவர்கள் அதைத் திருத்திவிட்டு அசல் கேள்விக்குப் பதில் சொல்லாமலே தப்பித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எண்ணையும் சொல்லையும் இரண்டு பேரிடம் காட்டாமல் நான் உறை ஒட்டுவதில்லை.

நேரமும் முக்கியம். குறுவை, சம்பாவுக்கான ஆதரவு விலை மே கடைசியிலோ ஜூனிலோ வந்துவிடும், 2025ல் மே 28. மேட்டூர் திறக்கிற ஜூன் 12ஐ ஒட்டி நமக்கு ஞாபகம் வந்து மனு எழுதினால், கல்யாணம் முடிந்தபின் மொய் எழுதப் போகிற கதை. பட்ஜெட் பிப்ரவரி 1. ஆகவே விலையோ வரியோ, பொங்கலுக்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள். பொங்கல் முடிந்தால் சம்பா அறுவடை, அப்புறம் யாருக்கு எழுத நேரம்? பயிர்க் காப்பீட்டில் இதைவிட அவசரம். அறுத்துப் போட்ட கதிர் மழையில் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும், 14447க்கு போன் போடலாம். வயலில் நின்று போட்டோ எடுங்கள். அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று) இருந்தால் குத்தகைக்காரரும் காப்பீடு செய்யலாம், இந்தத் திட்டத்தில் அந்த வஞ்சனை இல்லை.

திட்டலாமா என்று கேட்டால், டீக்கடையில் தாராளமாகத் திட்டுங்கள். காகிதத்தில் வேண்டாம். பயந்துகொண்டு சொல்லவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இருந்தால் மீதியைப் படிக்காமல் மூடுவதற்கு அவர்களுக்கு ஒரு சாக்கு. கெஞ்சவும் வேண்டாம். "தங்கள் பாதம் பணிந்து" என்று ஆரம்பித்த மனுக்களை நான் எத்தனையோ அனுப்பியிருக்கிறேன், அதைப் படித்து எந்த அதிகாரியும் உருகியதில்லை. ஒரு மனுவில் ஒரு விஷயம். யூரியா, நெல், பேரன் வேலை மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மூன்று துறைக்கும் நடுவில் அது அநாதையாகிவிடும்.

முகவரிக்கு பிரதமர் அலுவலகம், புது டெல்லி 110011 என்று போட்டால் போய்ச் சேரும். பழைய ஆட்கள் இன்னும் "ரிஜிஸ்டர் பண்ணுங்க" என்றுதான் கேட்கிறார்கள். 2025ல் ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், எனக்கு வருத்தம்தான். ஸ்பீட் போஸ்ட் ரசீதில் ஐஎன் என்று முடிகிற எண் இருக்கும். அதை மனு நகலின் மேல் மூலையில் எழுதி வையுங்கள். ரசீது மை மூன்று மாதத்தில் மங்கிவிடும், அதனால் ரசீதையும் ஜெராக்ஸ் எடுங்கள்.

நகல்களை எங்கே வைப்பது என்பதையும் கஜா புயலில் கற்றுக்கொண்டேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்தது. இரும்புப் பெட்டிக்குள் இருந்த பதினெட்டு வருஷ மனு நகல், அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு எல்லாம் களிமண் மாதிரி ஒட்டிக்கொண்டது. புயல் நிவாரணத்துக்கு எழுத உட்கார்ந்தபோது பழைய பட்டா நகல்கூடக் கையில் இல்லை. இப்போது உர மூட்டைக்கு உள்ளே வரும் பிளாஸ்டிக் உறையைக் கழுவிக் காயவைத்து அதில் போட்டு, வாயைச் சணலால் கட்டி, பரணில் வைக்காமல் நெல் குதிருக்குள் வைத்திருக்கிறேன்.